வெண்டியின் வயலுக்கு இருபத்து மூன்று பவுண்டு

வேலிக் கதவில் மாட்டியிருந்த பலகையைப் பார்த்ததும் கிளிஃபர்ட் பிரேக்கை ஓங்கி மிதித்தான். பின்னால் கோத்திருந்த கேரவன் ஒரு குலுக்கலோடு நின்றது. உள்ளே அலமாரியில் ஏதோ பாத்திரம் உருண்டு விழுந்த சத்தம் கார் வரைக்கும் கேட்டது.

"நோரீன், கண்ணாடியப் போட்டுக்கிட்டு நல்லாப் படி. நான் படிச்சது சரியான்னு சொல்லு."

படித்தேன். ஓர் இரவுக்கு இருபத்து மூன்று பவுண்டு. போன வருஷம் பதினான்கு.

"சரியாத்தான் படிச்சிருக்க."

"அப்ப எழுதினவளுக்குத்தான் கோளாறு."

நாங்கள் இங்கிலாந்தின் வடக்கே டான்காஸ்டர்காரர்கள். கிளிஃபர்ட் வீடு வீடாகப் போய் கேஸ் அடுப்பும் பாய்லரும் பொருத்தி ஓய்வு பெற்றவன். நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் இருந்தேன். பிள்ளைகள் தனியாகப் போன பிறகு பழைய கேரவன் ஒன்றை வாங்கினோம். அன்றிலிருந்து ஒவ்வொரு மார்ச் கடைசியிலும், குளிர் முழுசாக விடுவதற்கு முன்பே, வெண்டி கார்ட்டனின் வயலுக்கு வந்துவிடுவோம். யார்க்‌ஷயரின் கிழக்குக் கரையில், கடலுக்கு மேலே எழுந்து நிற்கும் களிமண் மேட்டின் உச்சியில் இருக்கிற புல்வெளி அது. பெரிய முகாம்களில் இருப்பதுபோல் நீச்சல்குளம், மதுக்கடை, பாட்டுக் கச்சேரி எதுவும் கிடையாது. குளிப்பதுகூட நம் வண்டிக்குள்தான். தண்ணீருக்கு ஒரு குழாய், வண்டிக்கு ஒரு கரண்ட் கம்பம், கழிவறைப் பெட்டியைக் கொட்ட ஒரு தொட்டி. ஐந்து வண்டிக்கு மேல் நிறுத்த அனுமதி இல்லை. அந்த அமைதிக்காகவும் அந்த விலைக்காகவும்தான் வருவோம். அமைதி எனக்கு, விலை கிளிஃபர்டுக்கு.

உள்ளே போனதும் இன்னொன்று கண்ணில் பட்டது. வயல் குட்டையாகியிருந்தது. நாங்கள் வழக்கமாக நிறுத்தும் முன்வரிசையையே காணோம். கம்பிவேலியை வெகுதூரம் உள்ளே தள்ளி நட்டிருந்தார்கள். வேலிக்கு அப்பால் கொஞ்சம் புல். அதற்கப்புறம் வானம்தான்.

வெண்டி ரப்பர் பூட்ஸும் முழங்கை கிழிந்த ஸ்வெட்டருமாக வந்தாள். எங்கள் வயதுதான் இருக்கும் அவளுக்கும். கணவன் போய்ச் சேர்ந்தபின் அந்தப் பண்ணையைத் தனியாகத்தான் பார்த்துக்கொள்கிறாள்.

"வாங்க கண்ணுங்களா. வழியில மழையா?"

"மழை கெடக்கட்டும் வெண்டி. பலகையில யாரோ நம்பர மாத்தி எழுதிட்டுப் போயிட்டாங்க போல."

"நான்தான் எழுதினேன், கிளிஃப்."

"இருபத்து மூணு!"

"ஆமா."

"ஒரு குழாய், ஒரு ப்ளக்கு. அந்தக் குழாய்லயும் தண்ணி நூல் மாதிரி வருது. இந்த விலைக்கு நீயே வந்து எனக்கு முதுகு தேய்ச்சு விடணும்."

"அதுக்குத் தனி ரேட்டு. முதுகப் பார்த்துட்டுத்தான் சொல்ல முடியும்."

நான் சிரித்துவிட்டேன். கிளிஃபர்ட் என்னை முறைத்தான். வெண்டியும் சிரித்தாள், ஆனால் உடனே நிறுத்திக்கொண்டாள்.

"பிப்ரவரிப் புயல்ல முன்வரிசை போயிருச்சு. அஞ்சு வண்டி நின்ன எடத்துல இப்ப மூணுதான் நிக்கும். கம்பத்தையெல்லாம் புடுங்கி உள்ள நட்டேன். கேபிள் புதுசு. அந்த எலக்ட்ரீஷியன் போட்ட பில்லப் பார்த்திருந்தா நீ இந்த மேட்டுலேருந்தே குதிச்சிருப்ப. வர்ற வண்டி கொறஞ்சிருச்சு, செலவு ஏறிருச்சு. நான் என்ன பண்றது, சொல்லு."

"கடல் தின்னதுக்கு நான் ஏன் காசு குடுக்கணும்? கடல்கிட்டக் கேளு."

"கேட்டுப் பார்த்தேன். அது பதில் சொல்ற விதம் சரியில்ல."

அவள் சொன்னதில் பொய் இல்லை. இந்தக் கரை ஒவ்வொரு வருஷமும் கரைகிறது. வெண்டி கடலைக் காட்டி, "அந்தா நுரை தெரியுதுல்ல, அங்கதான் எங்க தாத்தாவோட மாட்டுக் கொட்டகை" என்பாள். அதற்கு அப்பால் தேவாலயம், அதற்கும் அப்பால் ஒரு தெரு. எல்லாம் தண்ணீருக்கடியில். அதை அவள் வானிலை சொல்வதுபோலச் சொல்வாள். நாங்களும் அப்படித்தான் கேட்டுக்கொள்வோம்.

அந்த வாரத்துக்கு எங்களோடு எப்போதும் வருகிற நெவிலும் பிரெண்டாவும் அன்று மத்தியானமே வந்து, பலகையைப் பார்த்து, வண்டியைக் கழற்றாமலேயே திருப்பிக்கொண்டு போய்விட்டார்களாம். உள்நாட்டுப் பக்கம் வேறொரு முகாம் கிடைத்துவிட்டது என்று நெவில் செய்தி அனுப்பியிருந்தான். கிளிஃபர்ட் அதை எனக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினான்.

"பதினஞ்சு பவுண்டு, நோரீன். சுடுதண்ணி ஷவரோட. இன்னைக்கு ஒரு ராத்திரி இங்க. காலையில கெளம்பறோம்."

"போன வாரம் மீன் புடிக்கிற ஸ்டூலுக்கு நாப்பது பவுண்டு குடுத்த."

"ஸ்டூல் என்கூட வீட்டுக்கு வருது. இந்தப் புல்லு வருமா?"

 உருளைக்கிழங்கும் சாஸேஜும் வதக்கிக் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டான். வெளியே காற்று ஏறிக்கொண்டே போனது.

விடிவதற்குச் சற்று முன் ஒரு சத்தம் கேட்டது. லாரியிலிருந்து ஒரே கவிழ்ப்பில் மண்ணைக் கொட்டினால் எப்படியிருக்கும், அப்படி. கேரவன் தன் தாங்குகால்களில் நடுங்கியது. இருவரும் எழுந்து உட்கார்ந்துகொண்டோம். ஒருவரையொருவர் பார்த்தோமே தவிர வெளியே போகத் துணிவில்லை.

வெளிச்சம் வந்ததும் வெண்டி கதவைத் தட்டினாள். அவள் முகத்தைப் பார்த்து நான் பயந்துவிட்டேன். எதையோ பார்த்துவிட்டு அதை நம்பலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற முகம்.

"கோட்டப் போட்டுக்கிட்டு வாங்க. ரெண்டு பேரும்."

"வேலி போச்சா?" என்றான் கிளிஃபர்ட்.

"வேலி இருக்கு. அதுக்கு அந்தப் பக்கம் வடக்கு மூலை சரிஞ்சிருச்சு. அது ஒண்ணும் புதுசில்ல. கீழ வந்து பாருங்க."

"டீ குடிச்சிட்டு…"

"டீ அப்பறம் கிளிஃப்! கடல் திரும்பறதுக்குள்ள வா!"

அவள் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. பக்கத்திலிருந்த சரிவுப் பாதையில் அவள் பின்னாலேயே இறங்கினோம். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. கீழே கால் வைத்தேன். மணல் இல்லை.

எத்தனையோ வருஷமாக நாங்கள் நடந்த மணற்கரை அது. ஒரே ராத்திரியில் கடல் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போயிருந்தது. அந்த இடத்தில் கறுப்பாக, ஈரமாக, மெத்தென்று ஒரு தரை விரிந்து கிடந்தது. அதன்மேல் மரங்கள். கட்டைகள் என்று முதலில் நினைத்தேன். இல்லை, முழு மரங்கள். வேரும் கிளையுமாக ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன. சில அடிமரங்கள் இன்னும் நின்றபடியே இருந்தன. அவற்றின் வேர்கள் விரல்களைப் போலத் தரையைப் பற்றியிருந்தன. ஒரு பிர்ச் மரத்தின் பட்டை அன்றைக்கு உரித்ததுபோல வெள்ளியாக மின்னியது. கடல் வாடையே இல்லை. மழைக்குப் பிறகு காட்டுக்குள் போனால் வருமே, மக்கிய இலை வாடை, அதுதான் வந்தது.

கறுப்பு மண்ணில் ஹேசல் கொட்டைகள் இறைந்து கிடந்தன. ஒன்றைக் குனிந்து எடுத்தேன். ஓட்டில் ஒரு சின்ன வட்டத் துளை. அதன் ஓரத்தில் பற்கள் பதிந்திருந்தன.

"எலி," என்றாள் வெண்டி மெதுவாக. "எலி தின்னிருக்கு."

கிளிஃபர்ட் அந்த மரங்களுக்கிடையே போனான். கேஸ் கசிவைத் தேடும்போது எப்படி நடப்பானோ அப்படி, காலை அலுங்காமல் வைத்து நடந்தான்.

"இதுவே அதிசயம்னு நெனைச்சேன்," என்றாள் வெண்டி. "அப்பறம் அதப் பார்த்தேன்."

மேட்டிலிருந்து சரிந்த மண், மேட்டை விட்டு நன்றாக விலகி, கரைமேல் நாக்கு நீட்டியதுபோலக் கிடந்தது. அதன் நுனியில் ஒரு பெரிய கறுப்புக் கட்டி பிளந்திருந்தது. அந்தப் பிளவிலிருந்து ஒரு கொம்பு எழுந்து நின்றது.

மான்கொம்பு என்றால் கிளைகிளையாகப் பிரியும் கொம்புதான் எனக்குத் தெரியும். இது அப்படி இல்லை. ஒரு ராட்சதன் உள்ளங்கையை விரித்து வானத்தைத் தாங்கியதுபோல அகலமாக விரிந்து, ஓரத்தில் விரல் விரலாக முனைகள். தேநீரில் ஊறிய நிறம். கறுப்புச் சேற்றுக்குள் மண்டையோட்டின் ஒரு பாதியும், கண் இருந்த குழியும் தெரிந்தன. அந்தக் குழி எங்களைத்தான் பார்த்தது.

கிளிஃபர்ட் தொப்பியைக் கழற்றினான். அதைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றான். எங்கள் கல்யாணத்தில்கூட அவன் அப்படி நின்றதில்லை.

அந்த நேரம் பார்த்து அவன் சட்டைப்பையில் போன் அடித்தது. நெவில். பேசுவதற்குப் பதில் ஏதோ நினைவில் ஸ்பீக்கரை அழுத்திவிட்டான்.

"கிளிஃப்! எந்திரிச்சாச்சா? நான் இப்பத்தான் ஷவர்லேருந்து வர்றேன். ஆவி பறக்குது! பதினஞ்சு பவுண்டுய்யா, பதினஞ்சு! நீ எப்ப வர்ற?"

கிளிஃபர்ட் போனைப் பார்த்தான். கொம்பைப் பார்த்தான்.

"நெவில்," என்றான், "நான் அப்பறம் பேசறேன். இங்க ஒருத்தர் இருக்காரு."

போனை அணைத்துவிட்டான்.

வெண்டி நகரத்து மியூசியத்துக்கு போன் செய்தாள். எடுத்த பெண் முதலில் மாட்டுக்கொம்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறாள். படம் அனுப்பச் சொன்னாள். வெண்டி அனுப்பினாள். பிறகு, "இழுக்காதீங்க. காயவிடாதீங்க. கிட்டத்துல மேட்டுக்கு அடியில யாரும் நிக்காதீங்க. நான் கெளம்பிட்டேன்," என்ற குரல் எங்களுக்கே கேட்டது.

காயவிடாதீங்க என்றால்? காற்று விளாசிக்கொண்டிருந்தது. கொம்பின் ஒரு முனை ஏற்கெனவே வெளிறத் தொடங்கியிருந்தது. நான் மேலே ஓடினேன். இருந்த துண்டுகள், படுக்கை விரிப்பு, பாத்திரம் கழுவும் தொட்டி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வந்தேன். சலவைக்கூடத்தில் வாழ்க்கை முழுக்க நனைத்துப் பிழிந்தவள்தானே. அன்று நனைத்தேன், பிழியவில்லை. வெண்டியும் நானும் அந்தக் கொம்பைக் காய்ச்சல்காரனுக்கு நெற்றியில் போடுவதுபோல ஈரத்துணியால் மூடினோம். துணி வழியாக அதன் குளிர் என் கைக்கு ஏறியது. 

மியூசியத்துப் பெண் வந்தபோது கடல் திரும்பிவிட்டிருந்தது. இமோஜன் என்று பெயர். எங்கள் மகளைவிடச் சின்னவள். மண்வெட்டிகளையும் பைகளையும் தூக்கிக்கொண்டு ஓடிவந்தவள், கறுப்புத் தரையைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டாள். பைகள் கையிலிருந்து நழுவின.

"எனக்கு அழணும் போல இருக்கு," என்றாள்.

"அழு கண்ணு," என்றாள் வெண்டி. "ஆனா சீக்கிரம் அழு. தண்ணி வருது."

எல்க் என்று சொன்னாள் இமோஜன். குதிரையைவிட உயரமான மான் இனம், இந்த நாட்டில் அற்றுப்போய் எவ்வளவோ காலம் ஆகிவிட்டதாம். மண்டையோடு உடையாமல் எடுக்க வேண்டுமென்றால் சுற்றியுள்ள சேற்றோடு சேர்த்தே வெட்ட வேண்டும். அவள் சொன்ன இடத்தில் நாங்கள் தோண்டினோம். மண்வெட்டி போகாத இடத்தில் கை. சாஸேஜ் திருப்பும் என் தட்டைக் கரண்டியும் அதில் போய்ச் சேர்ந்தது. அலையின் நுனி முதலில் தூரத்து மரங்களைத் தொட்டது. பிறகு வெள்ளிப் பட்டை மரத்தை மூடியது. இமோஜன் ஒரு கையால் படம் எடுத்தாள், மறு கையால் சேற்றை அள்ளினாள்.

"எதுல வெச்சுத் தூக்கறது?" என்றாள். "ஸ்ட்ரெச்சர் கொண்டு வரல. இவ்வளவு பெருசா இருக்கும்னு நெனைக்கல."

கிளிஃபர்ட் சரிவில் ஏறிப் போனான். திரும்பி வந்தபோது அவன் தோளில் எங்கள் புதுக் கூடாரத் தரைவிரிப்பு. வண்டியின் பக்கவாட்டுக் கூடாரத்துக்காக அந்த வருஷம்தான் வாங்கினான். அதில் நான் செருப்போடு மிதித்தால் நாள் பூரா முணுமுணுப்பான். அதை உதறி அந்தக் கறுப்புச் சேற்றில் விரித்தான்.

நான்கு மூலைக்கு நான்கு பேர். தூக்கினோம். கனம் தோளைப் பிய்த்தது. வெண்டி முன்னால், "மெல்ல, மெல்ல, கல்லு இருக்கு, எடது பக்கம்," என்று சொல்லிக்கொண்டே போனாள். ஓர் அலை வந்து என் முழங்காலை நனைத்தது. இன்னொன்று வந்தபோது கிளிஃபர்ட் வழுக்கி ஒரு முட்டியில் விழுந்தான். மூலையை மட்டும் விடவில்லை. தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்தபடியே விழுந்தான்.

"கிளிஃப்! அடிபட்டுச்சா?"

"என்னைய விடு! அவர் எப்படி இருக்காரு?"

சரிவின் உச்சிக்கு வந்து, வெண்டியின் புல்லில் அதை இறக்கி வைத்தோம். எல்லோரும் புல்லிலேயே மல்லாந்துவிட்டோம்.  கீழே கடல் மேட்டின் காலடியில் மோதத் தொடங்கியது.

வெண்டி டீ கொண்டுவந்தாள். இமோஜன் கோப்பையைச் சேற்றுக் கையால் பிடித்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். இந்த வயலுக்கடியில் ஓர் ஏரி இருந்தது. பனி உருகிய காலத்து ஏரி. பத்தாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகிறது. இந்த எல்க் கரையிலிருந்து இறங்கித் தண்ணீர் குடித்திருக்கும், அல்லது மெல்லிய பனியில் நடந்து உள்ளே போயிருக்கும். ஏரி மெல்லத் தூர்ந்து, காடாகி, அந்தக் காடும் புதைந்து, அதன்மேல் புல் வந்தது.

"தண்ணி எவ்வளவு ஒசரம் இருந்துச்சு?" என்று கேட்டான் கிளிஃபர்ட்.

அவள் சுற்றிலும் பார்த்தாள். எங்கள் கேரவனைக் காட்டினாள். "உங்க சக்கரம் இருக்குல்ல, கிட்டத்தட்ட அங்க. நீங்க நேத்து ராத்திரி ஏரி மேலதான் தூங்கியிருக்கீங்க."

"அப்ப கடல்?"

"கடலே இல்ல. அது எல்லாம் தரை. மலை, ஆறு, காடு, மனுசங்க. இங்கேருந்து டென்மார்க்குக்கு நடந்தே போகலாம்."

கிளிஃபர்ட் எழுந்து வேலியருகே போனான். நானும் போனேன். சாம்பல் நிறத் தண்ணீர் கண்ணுக்கெட்டிய தூரம் வரை ஆடிக்கொண்டிருந்தது. நான் அதைத் தரையாகப் பார்க்க முயன்றேன். புகை எழுகிற குடிசைகள், மான் கூட்டம், தூரத்தில் ஒரு மேடு. பிறகு நான் நின்றிருந்த புல்லைத் தண்ணீராகப் பார்க்க முயன்றேன். தலை சுற்றியது. கிளிஃபர்டின் கையைப் பிடித்துக்கொண்டேன்.  

பின்னால் வெண்டி சிரிப்பது கேட்டது. திரும்பினால், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"பொறந்ததிலேருந்து இந்தக் கடல் எங்கிட்டேருந்து எடுத்துக்கிட்டுத்தான் இருக்கு," என்றாள். "கொட்டகை, வேலி, கம்பம், எல்லாம். ஒரு தடவையாவது எதையாவது கையில குடுத்துச்சா? இன்னைக்குத்தான்."

இமோஜன் கொம்போடு மியூசியத்துக்குக் கிளம்பியபின், சாயங்காலம் கிளிஃபர்ட் வெண்டியின் சமையலறைக்குப் போய் வாரம் முழுவதற்கும் பணத்தை மேசையில் வைத்தான்.

"ஒரு நாள்தான்னு சொன்ன?" என்றாள் வெண்டி.

"சொன்னேன். ஒண்ணு மட்டும் தெளிவா இருக்கட்டும். அந்தக் குழாய்க்கு இருபத்து மூணு இன்னும் அதிகந்தான்."

"அதிகந்தான்," என்று அவளும் ஒத்துக்கொண்டாள். "வாஷர் தேஞ்சு போச்சு."

மறுநாள் காலை டீ குடிக்காமலே போய் வாஷரை மாற்றிக் கொடுத்தான்.

அந்த வாரம் கடல் உள்வாங்கும் ஒவ்வொரு முறையும் இறங்கிப் போனோம். மணல் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஒரு நாள் கொட்டைகள் மறைந்தன. அடுத்து சாய்ந்த மரங்கள். கடைசியாக நின்றிருந்த அடிமரத்தின் தலை மட்டும் தெரிந்தது. கிளிஃபர்ட் அதன் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து உள்ளங்கையை வைத்தான். வெண்டியும் வந்திருந்தாள்.

"அந்தப் பக்கம் இருந்தாங்களே, அவங்களுக்குத் தெரிஞ்சிருக்குமா வெண்டி?" என்று கேட்டான் கடலைப் பார்த்து. "தண்ணி ஏறி வருதுன்னு?"

"தெரியாம இருக்குமா? வருஷா வருஷம் பார்த்திருப்பாங்கல்ல."

"அப்பறமும் இருந்தாங்களா?"

"நான் இருக்கேன்ல," என்றாள் அவள். பிறகு கோழிகளுக்குத் தீனி வைக்க வேண்டும் என்று சரிவில் ஏறத் தொடங்கினாள். நாங்கள் இருவரும் அலை பூட்ஸைத் தொடும் வரை அங்கேயே நின்றோம்.